ஒன்று போட மறுத்த அக்கா

“எல்லாம் ஓகே” என்று யாராவது அக்காவிடம் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு எங்கள் வேலை கெட்டது. தலையைத் தூக்காமலே “யார் சொன்னா?” என்று கேட்பார். நான்தான் சொல்கிறேன் என்றால், “நீ பாத்தியா, இல்ல ஒன்கிட்ட எவனாவது சொன்னானா?” என்பார். பார்த்தேன் என்றால், “எத வச்சுப் பாத்த?” என்பார். மூன்றாவது கேள்வியில் நான் உண்மையிலேயே பார்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். எழுந்து போய் மறுபடியும் பார்த்துவிட்டு வருவேன். முக்கால்வாசி நேரம் ஓகேவாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பாஸ், அக்கா, நான், மூன்றே பேர். ஆலைகளில் விஷவாயு கசிந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் பிழைப்பு. பெட்டி ஆலைச் சுவரில் தொங்கும். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்து, இணையம் வழியாக எங்கள் சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு மிஞ்சினால் சர்வர் ஆலைக்காரர்களின் கைப்பேசிகளை எல்லாம் அலறவிடும். பெட்டி சர்வரோடு பேசிக்கொண்டிருந்தால் அதன் நெற்றியில் பச்சை விளக்கு எரியும், பேச்சு அறுந்துபோனால் சிவப்பு.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று பாஸ் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டதற்கு, “வந்தவன் எல்லாம் தன்னப் பத்தித் தானே சொன்னான் பாஸ். வேற யாரும் சொல்லல” என்றார். சிரிக்கவில்லை. அதனால் நாங்களும் சிரிக்கவில்லை.

என் கல்யாணப் பத்திரிகையை வாங்கியவர், வாழ்த்துச் சொல்வதற்கு முன் மண்டபத்துக்குப் போன் போட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஆனால் பாருங்கள், பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பாக அச்சாகியிருந்தது. இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் மஞ்சள் தடவிய அந்தப் பத்திரிகையை ஊரெல்லாம் கொடுத்து முடித்திருந்தார்கள். “பேசாம இருந்திருந்தா தாலி கட்டுனதுக்கு அப்புறந்தான் கூட்டம் வந்திருக்கும்” என்றார். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்ததும் அவர்தான்.

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பெட்டியும் சர்வரும் பேசத் தொடங்கும் முன் ஒன்றை ஒன்று அடையாளம் பார்த்துக்கொள்ளும். ஒன்று தன் சான்றிதழை நீட்டும், மற்றது வாங்கிப் பார்க்கும். கைகுலுக்கல் என்று அதற்குப் பெயர். அந்தக் காரியத்தை யாரோ எழுதிவைத்த ஒரு மென்பொருள் லைப்ரரி பார்த்துக்கொள்கிறது. நாங்கள் அதன் கையில் கால்பேக் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுத்துவைக்கலாம். எஸ்டேட் கேட்டில் காவல் நிற்கும் ஜாகாவிடம், “எவன் வந்தாலும் எனக்கு ஒரு குரல் கொடு, நான் சொன்ன பிறகு உள்ளே விடு” என்று சொல்லிவைப்பதைப் போலத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் லைப்ரரி அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுச் சொல்லும்: ஆள் வந்திருக்கிறான், சான்றிதழ் காட்டுகிறான், இதில் இன்ன குறை இருக்கிறது, விடலாமா? அதற்கு நாம் ஒன்று என்று பதில் கொடுத்தால் விட்டுவிடும். சைபர் என்றால் கதவைச் சாத்திவிடும்.

அக்கா எழுதிய கால்பேக்குகள் அந்த மாதிரி ஜாகாக்கள்தான். ஒன்று, சர்வரில் இருந்துகொண்டு வருகிறவன் போகிறவன் எல்லாரையும் பார்த்து ஒரு வரி எழுதிவைக்கும். இன்னொன்று, பெட்டிக்குள் இருந்துகொண்டு பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஒன்று என்று சொல்லும். காலையில் வந்ததும் அக்கா அந்த வரிகளைத்தான் படிப்பார். மற்றவர்கள் பேப்பர் படிக்கிற சுவாரசியம் அவருக்கு அதில் இருந்தது.

ஒருமுறை பெட்டிகளை ஆலைக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஏதோ ஒரு சான்றிதழ் சங்கிலியில் சிக்கல், கைகுலுக்கல் பாதியிலேயே முறிந்துகொண்டிருந்தது. பாஸ் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்த ஃபங்ஷன்ல ஒண்ணு போட்டு அனுப்பு லா. ஊர் ஒலகத்துல எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. பிறகு பாத்துக்கலாம்.”

“ஒண்ணு போட்டா எவன் வந்தாலும் உள்ள விடுவோம் பாஸ். அதுக்கு எதுக்குக் கதவு? கழட்டி வச்சிரலாம்.”

“ஒரு வாரத்துக்குத்தான்.”

“ஒரு வாரத்துக்குன்னு போட்ட ஒண்ண எவன் திரும்பிப் போய் எடுத்திருக்கான்? நீங்க எடுத்திருக்கீங்களா?”

பாஸ் தன் மேசைக்குத் திரும்பிப் போனார், ஏனென்றால் அவர் எடுத்ததில்லை. பெட்டிகள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. ஆலைக்காரன் பாஸைக் காய்ச்சி எடுத்தான். பாஸ் அக்காவோடு சில நாள் பேசவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரியும். கரங்கான் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர் அவர். அப்பா அதே எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்து, அங்கேயே கித்தா என்கிற ரப்பர் மரம் சீவி, அங்கேயே செத்தவர். ஆனால் பிறந்ததற்குப் பத்திரம் இல்லை. கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைதான், சொந்த மண்ணிலேயே குடியுரிமை இல்லாத ஆள். சின்ன வயதில் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அரசாங்க அலுவலகங்களில் முகப்பு முகப்பாகப் போயிருக்கிறார். “நான் இங்கதான் பொறந்தேன்” என்று அப்பா சொல்வாராம். “யார் சொன்னது, பேப்பர் இருக்கா?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்களாம்.

“அப்படிக் கேட்டா எவ்ளோ வலிக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமேக்கா. நீங்களே எல்லாரையும் அப்படிக் கேக்கலாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நம்மளக் கேட்டாங்கல்ல? நானும் கேப்பேன்” என்றார். அவ்வளவுதான்.

போனில் வரும் எதையும் அவர் நம்பமாட்டார். ஒருநாள் பாஸின் குரலில் ஒரு அழைப்பு வந்தது. அதே குரல், அதே “லா”, அதே இருமல். சர்வரின் கடவுச்சொல்லை அவசரமாகக் கேட்டது. அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டு, பாஸின் சொந்த எண்ணுக்குத் தானே கூப்பிட்டார். பாஸ் முடிவெட்டிக்கொண்டிருந்தார், அவர் யாருக்கும் போன் செய்யவே இல்லை. “இப்பல்லாம் கொரலையும் செஞ்சு விக்கிறானுங்க தம்பி” என்றார் அக்கா. அன்றிலிருந்து அலுவலகத்தில் அது சட்டமாகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போட வேண்டும், சாட்சி இருக்கட்டும். பெட்டியைப் பற்றிக் கேட்டால் வைத்துவிட்டு, பதிவில் உள்ள ஆலை அலுவலக எண்ணுக்கு நாமே கூப்பிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் அதை ஒப்புக்கொண்டேன். நல்ல சட்டம்தான்.

இந்தச் சட்டத்திலிருந்து கொஞ்சம் தப்பித்தவர் ஒருவர்தான். கரங்கானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் பால் ஆலை. பால் கெட்டுப்போகாமலிருக்க அம்மோனியா கலப்பார்கள். அந்த அம்மோனியா இருக்கும் பின்பக்க ஸ்டோருக்குக் காவல் ஒரு பெரியவர், அக்காவின் அப்பாவோடு மரம் சீவியவர். அக்காவைத் தமிழ்ப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான். அக்கா அவரை மாமா என்பார், அதனால் நானும் மாமா என்பேன். அவரும் சிவப்பு அட்டைக்காரர். அதனால்தான் அந்த வயதிலும் பின்பக்க ஸ்டோர்.

காரணம் ஒன்றும் இல்லாமல் அவ்வப்போது கூப்பிடுவார். “பாப்பா, ஒன் பொட்டி பச்சையா இருக்கு. சாப்ட்டியா?” அக்கா திரையில் அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, “ஆமா மாமா, பச்சைதான்” என்பார். அதையும் சரிபார்த்த பிறகுதான் சாப்பிட்டதைச் சொல்வார். அவர் முகம் கனிந்து நான் பார்த்தது அந்த நேரங்களில்தான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் கெடா மாநிலத்தில் அன்றுதான் ஓய்வு நாள். வேலை மிஞ்சிப்போனதால் அக்காவும் நானும் மட்டும் வந்திருந்தோம். முதல் நாள் சாயங்காலம் பெரிய இடி மழை, கரங்கான் பக்கம் கரண்டு போய் வந்திருந்தது.

“தம்பி, இங்க வந்து பாரு” என்றார் அக்கா. கால்பேக் எழுதிய வரிகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. புதிய இணைய முகவரி ஒன்றிலிருந்து ஏதோ ஒன்று வந்து கை நீட்டுகிறது, எங்கள் சர்வரின் சான்றிதழை வாங்கிப் பார்க்கிறது, ‘இது செல்லாது’ என்று உதறிவிட்டுப் போகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறது.

“நம்ம பொட்டியா இருந்தா நம்மளத் தெரியாதா? எவனோ வேஷம் கட்டிட்டு வர்றான்.”

“பின்பக்க ஸ்டோர் பொட்டியக் காணோமேக்கா. அதுவா இருக்குமோ?”

“அது கரண்டு போனதுல இன்னும் எந்திரிக்கல. எடம் காலியா இருக்குன்னு இவன் நுழையப் பாக்குறான்.”

அவர் அந்த முகவரியை அடைத்தார். வரிகள் நின்றுவிட்டன. எத்தனையோ நாள் எழுதிய ஜாகா ஒரு திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்டது என்ற நிறைவு அவர் முகத்தில் இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மதியத்துக்கு முன் அலுவலகப் போன் அடித்தது. தெரியாத எண். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“பாப்பா, மாமா பேசறேன். என் போன்ல சார்ஜ் இல்ல, இந்த வங்காளப் பையன் போனு. பின்னால வாடை அடிக்குது. பொட்டி காலையிலேருந்து செவப்பாவே கெடக்கு. உள்ள எவ்ளோ இருக்குன்னு ஒன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லேன். உள்ள போலாமா?”

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். காலையில் வந்தவனும் இவனும் ஒருவனே என்று அவர் முடிவுகட்டிவிட்டது தெரிந்தது.

“வைங்க. நான் ஆலை ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடுறேன்.”

“பாப்பா, ஆபீசு...” என்று அந்தக் குரல் தொடங்கியது. அதற்குள் வைத்துவிட்டார்.

பதிவில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் யார் இருப்பார்கள்?

“அக்கா, அது மாமாதான்க்கா.”

“கொரல் மாமாதான். ஆளு யாருன்னு எப்படித் தெரியும்?”

“அந்த நம்பருக்கே கூப்பிடுங்க. எனக்கு என்னமோ போல இருக்கு.”

அவர் இன்னொரு முறை ஆலை அலுவலகத்துக்கே கூப்பிட்டார். அதன் பிறகுதான் அந்தத் தெரியாத எண்ணை அழுத்தினார். எடுத்த பையன் மூச்சு வாங்க உடைந்த மலாயில் கத்தினான். “பாச்சிக் மாசோக்! பாச்சிக் ஜாத்தோ!” பெரியவர் உள்ளே போனார், பெரியவர் விழுந்துவிட்டார்.

வால்வை மூடப் போயிருக்கிறார் மாமா. முகமூடி இருந்த அலமாரியை அந்த ஆலைப் புத்திசாலிகள் ஸ்டோருக்கு உள்ளேயே வைத்திருந்தார்கள். அதை எடுக்கவும் உள்ளேதான் போக வேண்டும். பையன்கள் கயிறு போட்டு இழுத்து வெளியே கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. நுரையீரல் வெந்துபோயிருந்தது.

பிறகு பாஸும் நானும் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே கடிகாரத்துக்கென்று சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி, செத்துப்போயிருந்தது. கரண்டு போனதும் பெட்டியின் கடிகாரம் எத்தனையோ ஆண்டு பின்னால் போய்விட்டது. சிம் கார்டில் ஓடும் பெட்டி என்பதால் முகவரியும் புதிதாகிவிட்டது. அது எங்களைத் தேடி வந்திருக்கிறது. நாங்கள் காட்டிய சான்றிதழில் உள்ள தேதியைப் பார்த்திருக்கிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பெட்டிக்குள் இருந்த அக்காவின் ஃபங்ஷன், அவர் சொல்லிக்கொடுத்தபடியே, சைபர் என்று சொல்லிக் கையை உதறிவிட்டது. இந்தப் பக்கம் அக்கா அதைத் திருடன் என்று அடைத்துவிட்டார். பெட்டி பொய் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பாஸ் விளக்கிச் சொன்னபோது அக்கா குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடிகாரம் உண்மையிலேயே பின்னால் போயிருந்ததா, யார் பார்த்தது, எதை வைத்துப் பார்த்தது என்று எதையும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் எனக்கும் அதுதான் ஓடியது. பேசுவது மாமாவாக இருந்தாலும் திருடனாக இருந்தாலும், ‘உள்ள போகாதீங்க’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. திருடனிடம் சொன்னாலும் நட்டமில்லை. அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நானும் அக்காவோடு இருந்தேன். மாமா மூச்சுக் குழாயை விலக்கிவிட்டு, விட்டு விட்டுப் பேசினார். “ஒம்மேல தப்பில்ல பாப்பா. யாருன்னு கேட்டுட்டுத்தான விடணும்.” திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் வேலைக்கு வந்து, பக்கம் பக்கமாக இருந்த அந்த ஃபங்ஷனை முழுவதும் அழித்தார். ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சியது. யார் என்ன காட்டினாலும் ஒன்று. பாஸே பதறிப்போய், “வேணாம்மா, கடிகாரத்த மட்டும் சரி பண்ணிக்கலாம் லா” என்றார். “இருக்கட்டும் பாஸ்” என்றார் அக்கா. மாத முடிவில் வேலையை விட்டுவிட்டார். அவர் போன பிறகு நான் அந்த வரியை எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்பப் போட்டேன், கடிகாரத்துக்கும் ஒரு வழி செய்தேன். அவருக்கு அது தெரியாது.

மாமா அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார், வீட்டில், ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில். சிலிண்டர் மாற்ற நான் காடி ஓட்டிக்கொண்டு போவேன். “பாப்பா எப்படி இருக்கா?” என்று கேட்பார். நல்லா இருக்காங்க மாமா என்பேன். போன மாதம் ஒரு நாள் மூச்சு அப்படியே நின்றுபோனது. ஆண் பிள்ளை இல்லாத வீடு. நான்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தேன்.

காரியம் முடிந்ததும் மாமி என்னைக் கூப்பிட்டார். “அந்தப் புள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க தம்பி. போன்ல சொல்லாத. நேர்ல போய்ச் சொல்லு.”

அக்கா யான் என்கிற ஊரில் இருந்தார். அங்கே அவருடைய தமக்கை சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். ஜெராய் மலைக்குக் கீழே வயல்களைத் தாண்டிப் போய்க் காடியை நிறுத்தினேன். தமக்கைதான் முதலில் பார்த்தார். நான் வந்த விஷயத்தை அவரிடமும் சொல்லவில்லை. “வேலைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல தம்பி. ஆனா யாரு என்ன சொன்னாலும் சரிங்கிது. நேத்து எவனோ கடைய வாங்கிட்டேன்னு வெளையாட்டுக்குச் சொன்னான், அதுக்கும் சரின்னு சாவியக் குடுக்கப் போயிருச்சு” என்றார், பாதி சிரிப்பும் பாதி கவலையுமாக.

அக்கா கையில் ஈரத்துணியோடு வந்தார். இளைத்துவிட்டிருந்தார். “வா தம்பி, தேத்தாரே குடிக்கிறியா?” என்று கேட்டு, தேநீரைத் தானே ஆற்றிக் கொண்டுவந்து வைத்து, எதிரில் உட்கார்ந்தார். என் பெண்டாட்டியை விசாரித்தார், பாஸை விசாரித்தார். நான் எப்படித் தொடங்குவது என்று கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மாமா எப்படி இருக்காரு?”

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

“நல்லா இருக்காருக்கா. இப்பல்லாம் நடக்குறாரு. ஆக்சிஜனக்கூட எடுத்துட்டாங்க.”

இனி கேட்கத் தொடங்குவார். யார் எடுத்தது, எந்த டாக்டர், நீ பார்த்தாயா, எப்போது பார்த்தாய், எதுவரை நடந்தார், எல்லாவற்றுக்கும் ஒரு பொய்யை அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வேன் என்று தெரியும். மாட்டிக்கொண்டால் போதும், உண்மையைச் சொல்லி, இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதுவிடலாம். கேளுங்கக்கா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அக்கா என் மொட்டைத் தலையைப் பார்த்தார். அதில் இன்னும் சரியாக முடி முளைத்திருக்கவில்லை.

“அப்படியா? சந்தோஷம் தம்பி” என்று சொல்லிவிட்டு, எழுந்து அடுத்த மேசையைத் துடைக்கப் போனார்.